அண்ணன் சாவியைக் கொடுத்த இடம்

ஓம் சரவணபவ.

பிப்ரவரி 1 தைப்பூசம். பந்தல் சேவைக்கான பட்டியலை நேற்று குரூப்பில் போட்டோம். போட்ட கொஞ்ச நேரத்திலேயே கேள்வி வந்துவிட்டது. "என்ன இது புதுசா, ஒரு ஆளுக்கு ஆறு மணி நேரம்தான்னு போட்டிருக்கீங்க? முருகனுக்குச் செய்யிறதுக்கும் டைம் பாக்கணுமா?"

நியாயமான கேள்விதான். போன வருஷம் வரை நாங்களே அப்படித்தான் கேட்டிருப்போம். இந்த விதி எங்களுக்கு பிரான்சில் ஒரு கார் பந்தயத்துக்குப் போகிற வழியில் கிடைத்தது. சிரிக்காதீங்க, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம பந்தல் அண்ணனை எல்லோருக்கும் தெரியும். காடி பட்டறை வைத்திருப்பவர். செப்பாங்கில் 1999-இல் முதல் ஃபார்முலா ஒன் நடந்ததிலிருந்து 2017-இல் கடைசி பந்தயம் வரை ஒரு வருஷம்கூட விடாமல் போனவர். அவருக்கு வாழ்நாள் ஆசை ஒன்று இருந்தது: பிரான்சில் லெ மான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தைப் பார்க்க வேண்டும், அங்கே இருக்கிற நீண்ட நேர்ச்சாலையில் ஒரு தடவையாவது தன் கையால் காடி ஓட்ட வேண்டும். அந்தச் சாலை மற்ற நாளில் சாதாரணப் பொதுச்சாலைதான், யாரும் ஓட்டலாம். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் பணம் போட்டு, போன ஜூன் மாதம் அனுப்பி வைத்தார்கள். துணைக்கு நாங்கள் இரண்டு பேர். லண்டனில் வேலை பார்க்கும் நம்ம பழைய தொண்டர் தம்பியின் காடியில் பயணம்.

கிளம்பும்போது அண்ணி எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான். "தூக்கம் இல்லாம அவர ஓட்ட விடாதீங்க." ஏன் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும். 2023 தைப்பூசத்தில் அண்ணன் ரதம் வருவதற்கு முன்னாடி வந்து நின்றவர், மறுநாள் இரவு வரை உட்காரவே இல்லை. எல்லாம் முடிந்து அண்டா குண்டாவை எல்லாம் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். ஹைவேயில் கண் அசந்து தடுப்புக் கம்பியில் மோதிவிட்டார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவோடு போனது. இடது பக்க சீட்டில் ஆள் இல்லை, மோர் கலக்கும் அண்டாதான் இருந்தது. அது நசுங்கிப் போயிருந்தது. அன்று அவரோடு அந்த சீட்டில் ஏறியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். "நீங்க போங்கண்ணே, நாங்க வேற காடில வரோம்" என்று சொல்லி அனுப்பி வைத்ததும் நாங்கள்தான்.

அதற்குப் பிறகும் 2024, 2025 இரண்டு வருஷமும் அவர் அப்படியேதான் நின்றார். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர், பக்தியோடு செய்கிறார், நாம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டோம்.

சரி, பயணத்துக்கு வருகிறோம். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து இரவு கப்பல். காடியைக் கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டி நிறுத்திவிட்டு மேலே ஏறிப் படுக்க வேண்டும். காலையில் பிரான்சின் வடக்குக் கரையில் வீஸ்ட்ரெஆம் என்ற ஊரில் இறக்கி விடுவார்கள். கேபினில் படுக்கச் சொன்னோம். "அதுக்கு வேற காசு கொடுக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் சாய்வு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிரான்ஸ் மணி இங்கிலாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னே போகிறது, அதனால் இருக்கிற கொஞ்சத் தூக்கத்திலும் ஒரு மணி நேரம் போச்சு. விடியும்போது பார்த்தால், அவர் டெக்கில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

கீழே இறங்கியதும் கையை நீட்டினார். "சாவி." தம்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் முருகன் படத்தைப் பார்த்தோம். சாவி கைமாறிவிட்டது.

அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். எங்கள் காடியில் ஸ்டியரிங்கும் வலது பக்கம். முன்னால் போகிற லோரியை முந்த வேண்டும் என்றால் ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். டோல் கட்டும் இடமும் இடது பக்கம்தான். நம்ம டச் அண்ட் கோ அங்கே செல்லுமா? இடது சீட்டில் இருப்பவர் சில்லறையை எண்ணிப் போட வேண்டும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஸ்டிக்கர். காடிக்குள் பளபளக்கும் மஞ்சள் மேலங்கி, முக்கோண எச்சரிக்கைப் பலகை எல்லாம் கட்டாயம். தம்பி எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வைத்திருந்தார்.

கான் நகரத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே நெடுஞ்சாலை. லெ மானுக்குக் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். 130 வரை போகலாம், மழை பெய்தால் 110தான். இரண்டு பக்கமும் கோதுமை வயல், வேலி ஓரத்தில் சிவப்புப் பூ, நிழலில் படுத்திருக்கும் மாடுகள். இங்கிலாந்து நம்பர் போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காடிகள் வரிசையாகப் போகின்றன. மேம்பாலங்களில் பிள்ளைகள் நின்று அதற்கெல்லாம் கை ஆட்டுகிறார்கள். எங்கள் சாதாரணக் காடிக்கும் ஆட்டினார்கள். அண்ணன் ஹார்ன் அடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவரிடம் போய் எப்படி "கொடுங்க"ன்னு கேட்பது என்று எங்களுக்கு வாய் வரவில்லை.

ஃபலேஸ் என்ற ஊரில் பசியாற இறங்கினோம். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னர் பிறந்த ஊர், கோட்டை இன்னும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை, சைவம். ரொட்டிக் கடையில் சுடச்சுட ரொட்டி வாங்கி, தம்பி கொண்டுவந்த தக்காளித் தொக்கோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கடை வாசலிலிருந்து ரோட்டில் ஏறுகிறோம். ரோட்டில் ஒரு காடிகூட இல்லை. அண்ணன் நாற்பது வருஷப் பழக்கத்தில் இடது பக்கம் ஏறிவிட்டார். நாங்களும் கவனிக்கவில்லை, எங்களுக்கும் அதுதானே பழக்கம். வளைவு திரும்பியதும் நேர் எதிரே பால் லோரி. லைட்டை அடித்து அடித்து வருகிறது. "அண்ணே! வலது! வலது!" என்று தம்பி கத்தினார். அண்ணன் ஒரு நொடி அசையவே இல்லை. அப்புறம்தான் ஸ்டியரிங்கை வெட்டினார். லோரி எங்கள் இடது பக்கக் கண்ணாடியை உரசுகிற மாதிரி போனது. காடி புல்லில் ஏறி நின்றது.

யாரும் பேசவில்லை. இந்தத் தடவை இடது சீட்டில் அண்டா இல்லை, ஆள் இருந்தது. தம்பி. அவருக்கு மூன்று மாதக் கைக்குழந்தை.

நாங்கள் அப்போதுதான் வாயைத் திறந்தோம். "அண்ணே, அண்ணி சொல்லி அனுப்பினாங்க. நாங்கதான் சொல்லல. தப்பு எங்க மேல." அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துத் தம்பி கையில் வைத்தார். "நீ ஓட்டு" என்றார். அவ்வளவுதான். பின் சீட்டில் வந்து உட்கார்ந்தவர், சே என்ற ஊரின் கோயில் கோபுரம் இரண்டும் தூரத்தில் தெரிவதற்குள் தூங்கிவிட்டார். அலென்சோன் தாண்டி, லெ மான் போய்ச் சேரும் வரை எழுந்திருக்கவில்லை.

தம்பி ஓட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னார். 1952-இல் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் இதே பந்தயத்தில், கூட்டாளி ஓட்டுநர் காத்துக்கொண்டிருக்க, காடியைக் கொடுக்காமல் தானே ஓட்டிக்கொண்டிருந்தாராம். எஞ்சினில் இருந்த கோளாறு தனக்குத்தான் புரியும், வேறு ஆள் ஓட்டினால் கெடுத்துவிடுவார் என்று நினைத்தார் என்று சொல்வார்கள். 23 மணி நேரத்துக்குப் பக்கமாக ஓட்டி, முதல் இடத்துக்கும் வந்திருந்தார். முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது எஞ்சின் போய்விட்டது. இன்றைக்கு அப்படி ஓட்ட முடியாது. எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் ஒருவர் நான்கு மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தம் 14 மணிக்கு மேல் கூடாது. ஒரு காடிக்கு மூன்று பேர். எவ்வளவு பெரிய சாம்பியனாக இருந்தாலும் நேரம் வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அன்று மதியம் கூடாரத்தில் அண்ணன் மறுபடியும் நாலு மணி நேரம் தூங்கினார். சாயந்திரம் எழுந்து முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு வந்தார். தம்பி சாவியை நீட்டினார். "இப்ப நீங்க ஓட்டுங்கண்ணே." அந்த நேர்ச்சாலை ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். பந்தயக் காடிகள் 300-க்கு மேல் பறக்கிற இடத்தில், நெரிசலில் அண்ணன் 50-இல் போனார். கோடி போய்த் திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் காடியின் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் கொடி அசைக்க, 62 காடிகள் கிளம்பின. இரவெல்லாம் வேலியோரம் இருந்தோம். அண்ணன் காடிகளைவிட அதிகமாகப் பார்த்தது மார்ஷல்களை. ஆபத்து வந்தால் கொடி காட்டுபவர்கள், விபத்து என்றால் முதலில் ஓடுபவர்கள். பெரும்பாலும் நம்மைப் போலச் சம்பளம் இல்லாத தொண்டர்கள். நடு இரவில் ஒரு பெரியவர், அண்ணன் வயசு இருக்கும், வந்து நின்ற இளம்பெண்ணிடம் கொடியைக் கொடுத்தார். ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். தோளில் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு சரியா செய்யுமான்னு அவருக்கு பயம் இல்ல பாருங்க" என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் பந்தல்ல யாருக்குமே கத்துக் கொடுக்கல" என்றார்.

ஞாயிறு மாலை மஞ்சள் நிற 83-ஆம் எண் ஃபெராரி ஜெயித்தது. போலந்துக்காரர் குபிட்சா, சீனர் யே யீஃபெய், ஆங்கிலேயர் ஹான்சன் மூவரும் மாறி மாறி 387 சுற்று ஓட்டியிருந்தார்கள். இரண்டாவதாக வந்த காடிக்கு இருந்த வித்தியாசம் 14 விநாடி. வீஸ்ட்ரெஆம் வரை திரும்பி வரும்போது பாதி வழி தம்பி, பாதி வழி அண்ணன். மாற்றிக்கொண்ட இடத்தில் எங்கள் யாருக்கும் வாயைத் திறக்கப் பயம் இல்லை.

இந்தப் பட்டியலைப் போட்டது அண்ணனேதான். ஆறு மணி நேரம் முடிந்ததும் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். மோர் பதத்தை இந்த வருஷம் மூன்று இளையோருக்கு அவரே சொல்லிக் கொடுக்கிறார், வரும் சனிக்கிழமை ஆலய மண்டபத்தில். பந்தலுக்குப் பின்னால் படுக்கப் பாய் விரித்திருப்போம். இரவு சேவை முடித்தவர்கள் யாரும் காடி ஓட்டக் கூடாது. வீடு வரை கொண்டு விட வேன் இருக்கும். அதை ஓட்ட, அன்று வேறு எந்தச் சேவையும் செய்யாத, நன்றாகத் தூங்கிய நான்கு பேர் வேண்டும். முருகனுக்கு இதுவும் சேவைதான். பெயர் கொடுங்கள்.

நசுங்கிய அந்த அண்டா இன்னும் ஆலய ஸ்டோரில்தான் இருக்கிறது. தட்டி நேராக்கலாமா என்று கேட்டதற்கு அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். இந்த வருஷம் சாவி பெட்டியை அதற்குள்தான் வைக்கப் போகிறோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!