சனிக்கிழமைப் புத்தகங்கள்

பிட்ஸ்பர்க்கில் மகன் வீட்டில் இருந்த மூன்று மாதமும் மாலையானால் பக்கத்து நூலகத்துக்குப் போய்விடுவேன். உறுப்பினர் அட்டைக்குக் காசு கிடையாது. ஆறு மணிவாக்கில் உணவகச் சீருடையோடு ஒரு பெண் வருவார். மகனைப் படக்கதை அலமாரிப் பக்கம் அனுப்பிவிட்டு, மேசையில் தலைசாய்த்துத் தூங்கிப்போவார். யாரும் எழுப்புவதில்லை.

அந்த நூலகத்துக்கு ஆண்ட்ரூ கார்னெகியின் பெயர். உழைத்தால் உயரலாம் என்பதற்கு அமெரிக்கர்கள் காட்டும் ஆள் அவர். கைத்தறி நொடித்த ஸ்காட்லாந்துக் குடும்பம் 1848-ல் பிட்ஸ்பர்க் பக்கம் பிழைக்க வந்தது. 13 வயதில் பஞ்சாலையில் பாபின் மாற்றும் வேலை. வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். 1901-ல் அவருடைய உருக்காலைகள் 48 கோடி டாலருக்கு விலைபோயின.

எனக்கு இந்தக் கதையில் பெரிய மனிதர் கர்னல் ஆண்டர்சன்தான். தன்னிடம் இருந்த சுமார் 400 புத்தகங்களை, சனிக்கிழமைதோறும் வேலைக்குப் போகும் பையன்களுக்கு இரவல் கொடுத்தவர். தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக இருந்த கார்னெகி அங்கேதான் படித்தார். அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன.

ஆனால் ஆற்றோரம் ஹோம்ஸ்டெட்டில் இருந்த அவருடைய ஆலையை நினைத்தால் மனம் ஆறமாட்டேன் என்கிறது. 1892-ல் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். நிர்வாகம் கூலிக்கு அமர்த்திய காவல்படையோடு மோதல். இரு பக்கமும் உயிர்கள் போயின. சங்கம் நொறுங்கியது. பிறகு 12 மணி நேர வேலை; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும்போது 24 மணி நேரமும் நின்றாக வேண்டும். அந்த ஊருக்கும் 1898-ல் கார்னெகி அழகான நூலகம் கட்டிக் கொடுத்தார். உலைச் சூட்டில் வெந்து வீடு திரும்புகிறவன் எந்தக் கண்ணால் படிப்பான்? பாபின் பையனைவிட அவன் ஒரு துளியும் குறைவாக உழைக்கவில்லை. அவனுக்கு இல்லாமல் போனது அந்தச் சனிக்கிழமை.

மூடும் நேரத்துக்கு மணி அடித்தது. பையன் நான்கு புத்தகங்களை மார்போடு அணைத்தபடி வந்து அம்மாவின் தோளைத் தொட்டான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முதல் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.