கருங்கட்டி

நாயின் வாயைத் திறந்து பார்க்கும் வழக்கம் எம் நாகூரில் எவர்க்கும் இல்லை. எம் வீட்டு நாய் தன் பன்னிரண்டாம் வயதில் சோற்றை முகர்ந்துவிட்டு விலகியபோதே யாம் பார்க்க நேர்ந்தது. மேலண்ணத்தில் நாவற்பழம் போன்றதொரு கட்டி. தொட்டவிடத்துக் குருதி கசிந்தது. கால்நடை மருத்துவர் அதனை மெலனோமா என்றார். மேனிக்கு நிறந்தரும் உயிரணுக்களிற் பிறக்கும் புற்றுநோய் அது. இரண்டு திங்களில் நாய் இறந்தது.

இந்நோய்க்கு வெயிலே காரணம் என்பர். வெண்ணிற மேனியர்க்கு அது பெரிதும் பொருந்தும். நம்மனோர்க்கோ கருமையே குடையாதலின், அரிதாய் வருங்கால் வெயில் படாத உள்ளங்கால், நகத்தடி, வாய், மூக்கின் உட்புறம் ஆகியவற்றையே அது பெரும்பாலும் நாடுகின்றது. நாய்க்கும் அவ்வாறே, உரோமம் போர்த்த அதன் உடலில் கொடிய மெலனோமா வாயிலும் விரல்களிலுமே மிகுதி.

நிற்க. மனிதரின் தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் பி-ராஃப் என்னும் மரபணு திரிந்திருக்கும். இது 2002இல் அறியப்பட்டது. அத்திரிபைத் தாக்கும் வெமுராஃபெனிப் என்னும் மருந்து 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயின் மனிதர் வாயில் தோன்றும் மெலனோமாவில் அத்திரிபு குறைவு. நாயின் வாய்க்கட்டியிலோ மிக அரிது. அங்கே என்-ராஸ், டிபி-53 முதலிய மரபணுக்கள் திரிதலும், குரோமோசோம்கள் உடைந்து இடம்மாறி ஒட்டுதலுமே காணப்படுகின்றன. சுண்டெலிக்கு இந்நோயை ஆய்வுக்கூடத்தில் வலிந்து உண்டாக்க வேண்டும். நாய்க்கோ அது தானே வருகின்றது. அதுவும் நம் வீட்டிலேயே, நம்மோடு ஒரே காற்றை உயிர்த்து வாழுங்கால். அதன் ஆயுள் குறுகியதாதலின் மருந்தின் பயன் விரைவில் தெரியும். இதனை வசதி என்று எழுத எமக்குச் சிறிது கூச்சமே.

மனிதரின் டைரோசினேஸ் மரபணுவைக் கொண்டு நாய்க்கெனச் செய்த தடுப்பூசி 2007இல் அமெரிக்காவில் நிபந்தனையுடன் உரிமம் பெற்றது. அதன் பயன்பற்றிப் பிந்திய ஆய்வுகள் ஒருமிக்கவில்லை. வேப்பேரியில் 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு வரும் நம் நாட்டு நாய்களின் கட்டிகளும் இவ்வாராய்ச்சியில் இடம்பெறல் வேண்டுமென்பது எம் அவா.

இவ்வளவும் யாம் தேடிப் படித்தது நாயின்பொருட்டு மட்டுமன்று. எம் பெரிய தந்தையார் வெட்டாற்றங்கரை வயல்களில் வெறுங்காலோடு நடந்தவர். உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்ற, முள் தைத்த வடு என்று ஈராண்டு மஞ்சள் தடவி வந்தார். மருத்துவமனை ஒன்றிலும் கால்ஆணி என்று அறுத்து அனுப்பினர், அறுத்ததைச் சோதித்தாரில்லை. தொடையிடுக்கில் நெறி கட்டிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அப்பொழுது காலம் கடந்துவிட்டது.

நடவு வயல்களில் இன்றும் உள்ளங்காற் கருமையை முள்ளென்றும், நகத்துக் கருங்கோட்டை மண்வெட்டி பட்ட இரத்தக்கட்டென்றும் கொள்வார் பலர். இரத்தக்கட்டாயின் நகம் வளர வளர முன்னே நகர்ந்து மறையும். மெலனோமா அவ்வாறு நகர்ந்து மறையாது, நாளடைவில் அகலும்.