ஹென்றியேட்டா தெரு, 14ஆம் எண்

பிரபுவின் மாளிகை ஒண்டுக்குடித்தனமானது எப்படி? டப்ளினில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். 1801இல் அயர்லாந்து நாடாளுமன்றம் லண்டனோடு இணைந்தது, பிரபுக்கள் மூட்டை கட்டினார்கள், ஏழைகள் குடிவந்தார்கள். ஹென்றியேட்டா தெருவின் 14ஆம் எண் வீட்டைப் பார்த்த பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அங்கே குடித்தனங்கள் வந்தது 1877இல். இடையிலிருந்த முக்கால் நூற்றாண்டு எங்கே போயிற்று என்றுதான் தேடத் தொடங்கினேன்.

தெருவை 1720களில் உருவாக்கியவர் லூக் கார்டினர் என்ற வங்கியாளர். 14ஆம் எண் 1740களின் இறுதியில் எழுந்தது. நிலவறைக்கு மேல் நான்கு தளங்கள், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், முகப்பில் வெறும் செங்கல். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வரிசை வீடுகள் தெருவுக்கு அடக்கமாகத்தான் முகம் காட்டும். காசையெல்லாம் உள்ளே கொட்டியிருப்பார்கள்: எட்டாத உயரத்தில் கூரை, சுதை வேலைப்பாடு, விருந்துக்கென்றே பெரிய கூடங்கள். முதலில் குடியேறியவர் வைகவுண்ட் மோல்ஸ்வொர்த்.

பிரபுக்கள் போனபின் வந்தவர்கள் வழக்கறிஞர்கள். தெருக்கோடியில் இருப்பதே அவர்களுடைய சங்கமான கிங்ஸ் இன்ஸ். 1850இல் இந்த வீட்டுக்குள் ஒரு நீதிமன்றமே வந்து உட்கார்ந்தது. பெரும்பஞ்சத்தால் கடனில் மூழ்கிய நிலக்கிழார்களின் பண்ணைகளை விற்றுத் தீர்ப்பது அதன் வேலை. பிரபுவுக்காகக் கட்டிய வீட்டில் பிரபுக்களின் சொத்து விலை போனது. ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்பேன். பிறகு கொஞ்ச காலம் டப்ளின் மிலிஷியா படை அங்கே தங்கியிருந்தது.

1877இல் வீட்டை வாங்கிய தாமஸ் வான்ஸ் அதை 19 குடித்தனங்களாகப் பிரித்தார். அவர் கொடுத்த விளம்பரம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கண்ணியமான குடும்பங்களுக்கு மட்டும். புதிதாக வண்ணம் பூசியது. எரிவாயு விளக்கு, மாடிப்படித் தளங்களில் கழிப்பறை, வார்ட்ரி ஆற்றுக் குழாய்த் தண்ணீர், துணி உலர்த்த முற்றம், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு. சேரியை உண்டாக்க நினைத்தவன் இப்படி எழுதமாட்டான். அன்றைக்கு அது நல்ல வாடகை வீடு. கெட்டது பிறகுதான். டப்ளினில் கூலி குறைவு, ஏழைகள் குடியிருக்க வேறு இடமும் குறைவு. வீடு நிரம்பிக்கொண்டே போயிற்று.

1911 மக்கள்தொகைக் கணக்கில் இந்த ஒரு வீட்டில் 17 குடும்பங்கள், 100 பேர். அந்தக் கணக்கெடுப்பின் படிவங்கள் இன்று யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. ஒன்றில் கட்டடத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்: சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முகப்பில் எத்தனை சன்னல். எத்தனை பேர் குடியிருந்தாலும் இந்த மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறையாது. செங்கல்லும் சன்னலும் இருக்கிறபடியால் இத்தகைய மாளிகைகள் மேல்தரத்தில்தான் நிற்கும். இன்னொரு படிவத்தில் மணமான பெண்களிடம் கேட்டது: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை? இரண்டு எண்களையும் அடுத்தடுத்த கட்டங்களில் எழுதியிருக்கிறார்கள். கழித்துப் பார்க்க மனம் வேண்டும்.

1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இப்படிப்பட்ட வீடுகள் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது; ஒற்றை அறையில் வாழும் குடும்பங்கள் நகரத்தில் 20,000க்கும் மேல் என்று தெரிந்தது. அப்படியும் 14ஆம் எண்ணில் கடைசிக் குடும்பங்கள் வெளியேற 1970களின் இறுதி ஆயிற்று.

2018இல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. பொது நடைவழிச் சுவரில் கீழே காவிச் சிவப்பு, மேலே ரெக்கிட் நீலம். நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட ராபின் நீலமும் அதே ரெக்கிட் கம்பெனிச் சரக்குதான். அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டு மோல்ஸ்வொர்த் காலத்து அழகை மீட்டிருக்கலாம். பணமும் ஆளும் இருந்தால் சுலபம். அதைச் செய்யாமல் குடித்தனக்காரர்களின் நிறத்தை விட்டுவைத்தது சரியென்றே எனக்குப் படுகிறது. மோல்ஸ்வொர்த்தைப் போன்றவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தைவிட இவர்கள் வாழ்ந்த நூறாண்டு நீளம்.