பொறுத்துக்கொள்ளப் பழகும் உடல்



காலையில் எழுந்ததும் பத்துத் தும்மலேனும் தும்மாமல் முகம் கழுவ முடியாதவர் உங்கள் இல்லத்திலும் ஒருவர் இருக்கக்கூடும். அறந்தாங்கி வட்டாரத்து மதரஸா ஒன்றில் ஓதிக்கொடுத்துவரும் நான் அத்தகைய பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவன் நல்ல குரல்வளம் உடையவன். ஆனால், மூச்சிரைப்பால் ஓர் ஆயத்தை ஒரே மூச்சில் ஓத இயலாமல் பாதியில் நிறுத்திவிடுவான். அயல்நாட்டில் பணிபுரியும் அவனுடைய அத்தா தொலைபேசியில், "ஹஜ்ரத், ஒவ்வாமைக்கு ஊசி இருக்கிறதாமே! மூன்று மாதம் போட்டால் அடியோடு தீர்ந்துவிடுமா? இல்லையென்றால் இவன் ஓதுவதை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார். அவருக்காக மருத்துவர்களிடம் வினவியும் நூல்களைப் படித்தும் அறிந்ததை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

ஒவ்வாமை என்பது உடலின் தவறான பகை. தலையணையிலும் மெத்தையிலும் வாழும், கண்ணுக்குப் புலப்படாத தூசிச் சிற்றுண்ணி நம்மைக் கடிப்பதில்லை. நம் கண்மாய்க் கரைகளை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் நஞ்சன்று. எனினும், சிலருடைய உடல் இவற்றை எதிரியெனக் கருதிவிடுகிறது. 1966இல் ஜப்பானியரான இஷிசாகா தம்பதியர் கண்டறிந்த 'ஐ.ஜி.இ.' என்னும் எதிர்ப்பொருள் அபாய அறிவிப்புச் செய்ய, ஹிஸ்டமின் முதலியன வெளிப்படுகின்றன. மூக்கு ஒழுகுகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது.

வழக்கமான மாத்திரைகளும் உறிஞ்சு மருந்துகளும் இக்கலவரத்தை அடக்குகின்றனவே அன்றிப் பகையைப் போக்குவதில்லை. பகையையே போக்க முடியுமா? 1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்டு நூன் என்பவர் புல்லின் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்தி, சிறிது சிறிதாகக் கூட்டினார். நோயாளிகள் குணம் கண்டனர். மகரந்தத்தில் நஞ்சு உள்ளது என்று அவர் நினைத்தது பிழை. ஆயினும் அவர் காட்டிய வழி நிலைத்தது. 1913இல் அவர் காசநோயால் மறைந்தபின், ஜான் ஃப்ரீமன் அப்பணியைத் தொடர்ந்தார்.

உண்மைக் காரணம் பிற்பாடே விளங்கிற்று. நோயெதிர்ப்புப் படையை அடக்கி ஆளும் ஒருவகை வெள்ளணுக்களை 1995இல் ஷிமோன் சகாகுச்சி இனங்காட்டினார். அத்துறை ஆய்வுக்காக அவரும் வேறு இருவரும் 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். சிறுகச் சிறுகப் பழக்கும்போது இவ்வணுக்கள் பெருகி உடலுக்குப் பொறுமையைக் கற்பிக்கின்றன. ஊசிக்குப் பதிலாக நாவின் கீழ் வைக்கும் மாத்திரைகளும் வந்துள்ளன. சிற்றுண்ணிக்கான மாத்திரைக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி அளித்தது. எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதாக எண்ண வேண்டா. பூனை ஒவ்வாமைக்கான புதிய ஊசி ஒன்று, 2016இல் வெளியான பெரிய சோதனை முடிவில் வெற்று மருந்தை விஞ்சவில்லை.

ஆகவே அந்த அத்தாவிடம், "மூன்று மாதமன்று, மூன்று ஆண்டுகள் வேண்டும். எதனால் ஒவ்வாமை என்று முதலில் சோதித்தறிய வேண்டும். மூச்சிரைப்பு கட்டுக்குள் வராதவரை இதைத் தொடங்கக்கூடாது. பிள்ளை ஓதட்டும், மருத்துவமும் நடக்கட்டும்" என்றேன். பாதியில் விட்டுவிடுவோர் பலர். அவர்களுக்கு நிலைத்த பயன் கிட்டுவதில்லை. ஊசி போட்டபின் அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே இருப்பதும் கட்டாயம். அரிதாக, உயிருக்கே ஆபத்தான எதிர்விளைவு நேரலாம்.

தாய்மார்களே! தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பிள்ளை அருகிருக்கத் தூசி பறக்கப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இரைப்பு நின்றதென்று உறிஞ்சு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரே நாளில் தீரும் என்பாரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். உடலும் நம் பிள்ளைகளைப் போன்றதே; அதட்டினால் கற்காது, அன்றாடம் சிறிது சிறிதாய்ச் சொல்லிக்கொடுத்தால் கற்கும்.