ஓசிக் காலண்டரும் என் சர்க்கரையும்

நம்ம சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரை மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் ஓசியில் கொடுப்பார். அவர் கடைப் பெயர் நம் வீட்டுச் சுவரில் தொங்கும். கணக்கு அதோடு சரி.

2025-இல் வேறு மாதிரி ஓசி வந்தது. ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டியை ஓராண்டுக்கும், ஜியோ ஜெமினியை 18 மாதத்துக்கும் கொடுத்தன. சாட்ஜிபிடியும் தன் 'கோ' திட்டத்தை ஓராண்டு இலவசமாக்கியது. எல்லாம் ஆள் பிடிக்கும் போட்டிதான்.

போன வாரம் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து அப்படி ஒன்றில் போட்டேன். பொறுமையாக விளக்கம் சொன்னது. பிறகுதான் கவனித்தேன், சீட்டின் தலையில் என் பெயர், வயது, செல் நம்பர் எல்லாம் இருந்தன. மகளிடம்கூடச் சொல்லாத சர்க்கரை அளவு அது!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. ஆனால் படத்தை அனுப்பிய விரல் என்னுடையது.

இப்போது சீட்டின் தலையை மடித்துவிட்டுத்தான் படம் எடுக்கிறேன். நம் பேச்சைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதையும் செட்டிங்ஸில் அணைத்துவிட்டேன்.

மகளிடமும் சொல்லிவிட்டேன். முதலில் அவளிடம்தானே சொல்லியிருக்க வேண்டும்.