ஒட்டிய தொப்பி தொப்பியல்ல

பொம்மைக்குத்தானே, ஒட்டினால் போதாதா என்ற கேள்வி இப்போது தொப்பி வேலை கற்றுக்கொடுப்பவர்களிடமிருந்தே வருகிறது. மனிதத் தலைக்கு அச்சு, ஆவி, கம்பி, பக்ரம் என்ற விறைப்புத் துணி எல்லாம் வேண்டும், பொம்மைக்குப் பசைத் துப்பாக்கி போதும் என்கிறார்கள். விஷயம் நேர்மாறானது. அளவு சிறுக்கச் சிறுக்க வேலை கடினமாகிறது. பொம்மை சிறுக்கிறதே தவிர, சரக்கின் தடிமன் சிறுப்பதில்லை. ஆறில் ஒரு பங்கு அளவிலான பொம்மையின் தொப்பி விளிம்பில் 1 மி.மீ. கம்பி வைத்தால், அது மனிதத் தொப்பியில் 6 மி.மீ. கம்பி வைத்ததற்குச் சமம். 2 மி.மீ. ஃபெல்ட் 12 மி.மீ. ஆகிறது. இந்த அளவில் ஒரு சொட்டுப் பசைகூடக் கட்டியாகத் துருத்தும்.

தொப்பியின் உச்சியை எடுத்துக்கொள்வோம். அச்சாக வைத்த 3 செ.மீ. விட்டமுள்ள மர உருண்டையின் மேல்பாதியை மூட ஃபெல்ட்டை வட்டமாக வெட்டினால், அந்த வட்டத்தின் ஓரம் ஏறக்குறைய 14.8 செ.மீ. வரும். உருண்டையின் சுற்றளவோ 9.4 செ.மீ.தான். மிஞ்சுகிற 5 செ.மீ.க்கு மேலான ஃபெல்ட்டை எங்கே கொண்டுபோய் அடக்குவது? மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. பெரிய தொப்பியிலும் விகிதம் இதேதான். ஆனால் அங்கே மிச்சம் நீண்ட சுற்றில் பரவிக்கொள்ளும். இங்கே அதே தடிமனுள்ள ஃபெல்ட் ஒன்றரை செ.மீ. ஆரத்தில் வளைய வேண்டும். இதைச் செய்ய ஆவியால்தான் முடியும். கம்பளி இழையில் செதில் உண்டு. ஈரமும் சூடும் பட்டால் இழை இளகி ஒன்றோடொன்று நெருங்கி உட்காரும், உலர்ந்தபின் அப்படியே நிற்கும். எதிரெதிராக நாலு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்தி, அடியில் நூலால் இறுகக் கட்ட வேண்டும். பிறகு ஊசிகளுக்கிடையே எழும் மடிப்பு ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஆவி காட்டிக் கட்டைவிரலால் கீழே தேய்த்து இறக்க வேண்டும். ஒரு மடிப்பு இரண்டாகும், இரண்டு நாலாகும். சிறிதாகிச் சிறிதாகித்தான் மறையும். அவசரப்பட்டு ஈரத்தோடு கழற்றினால் கோணிக்கொள்ளும். முயல் ரோம ஃபெல்ட் இன்னும் மெல்லியது, இன்னும் நன்றாக அடங்கும். கைவினைக் கடைகளில் தாள்தாளாக விற்பதோ பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். அதில் செதில் இல்லை. கெட்டில் தண்ணீர் வற்றும்வரை ஆவி காட்டினாலும் மடிப்பு அடங்காது. ஆகவே முக்கோணமாக நறுக்கி ஒட்டுகிறார்கள், வெட்டிய கோட்டை மறைக்க ரிப்பன் சுற்றுகிறார்கள், ரிப்பனின் முனையை மறைக்கப் பூ வைக்கிறார்கள்.

பொம்மைக்கு மழையா, காற்றா, எதற்கு இத்தனை உறுதி என்று கேட்கலாம். மழை இல்லைதான். ஆனால் பொம்மைத் தொப்பியைக் கையிலெடுத்து, கண்ணுக்கு அருகே வைத்து, திருப்பி உள்பக்கமும் பார்க்கிறார்கள். அலமாரியில் பல வருஷம் இருந்தாக வேண்டிய பொருளும்கூட. சூட்டுப் பசை வெயிலில் இளகும், நாளடைவில் விட்டுப்போகும். தொழில்முறைத் தொப்பிக்காரர்களும் பசை தொடுவதில்லையா என்றால், தொடுகிறார்கள். துணியைப் படியவைக்க மெல்லிய பூச்சாக, அதுவும் வடிவம் அமைந்தபின்புதான். விளிம்புக் கம்பியைக் காஜா எடுப்பதுபோலச் சுற்றித் தைத்துத்தான் நிறுத்துவார்கள்.

பொம்மை வேலை விளையாட்டு வேலை என்பதற்கு 1945 மார்ச்சிலேயே பாரிஸ் பதில் சொல்லிவிட்டது. போரில் துணிப் பஞ்சம் வந்திருந்த காலத்தில், அந்நகரத்தின் ஆடை நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 70 செ.மீ. உயரமுள்ள கம்பிப் பொம்மைகளுக்கு உடுத்தி, ‘தியாத்ர் த லா மோத்’ என்று கண்காட்சி வைத்தன. தங்கள் தொழில் சாகவில்லை என்று உலகுக்குக் காட்ட அவர்கள் நம்பியது இந்தப் பொம்மைகளைத்தான். அவற்றின் தொப்பிகளையும் தொப்பித் தொழிலாளர்களே செய்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மேரிஹில் அருங்காட்சியகத்தில் அந்தப் பொம்மைகளை இன்றும் பார்க்கலாம். நேரமில்லாதவர்கள் ஒட்டிக்கொள்ளட்டும், அது அவரவர் விருப்பம். அதற்குத் தொப்பி வேலை என்று பெயரிட்டுக் கட்டணம் வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. வகுப்பில் கொடுக்கும் ஃபெல்ட் கம்பளியா, பாலியெஸ்டரா என்பதையாவது சேரும் முன்பே சொல்லட்டும்.