ஏழு மணிச் செபம்

எங்கள் நகரத்துக் கோயிலை மூடிவிட்டார்கள். பூசைக்கு ஆட்கள் வருவதில்லை, கட்டடத்தைப் பராமரிக்கக் காசும் இல்லை. ஜேர்மனியில் இது இப்போது புதினமில்லை. கடைசிப் பூசை முடிந்து நற்கருணையை வெளியே கொண்டுபோனபோது, பக்கத்தில் நின்ற ஜேர்மன் கிழவி ஒருவர் அழுதார். "ஞானஸ்நானம் பெற்ற கோயில். இனி நான் எங்கே போவேன்?" என்று கேட்டார்.

எனக்கு 1995 ஞாபகம் வந்தது.

அந்த ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பக்கம் கால் வைக்க இடமில்லை. அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இரண்டு பாய் விரிக்க இடம் கிடைத்தது. அடுத்தநாள் இரவு ஏழு மணிக்கு, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டா:

"வாங்கோ பிள்ளையள், செபமாலை சொல்லுவம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வீடில்லை, கோயிலில்லை, இதுக்குள்ளை என்ன செபம்?" என்றேன்.

"மோனை, எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டம். இதையும் விட்டிட்டு வரச் சொல்லுறியோ?"

நான் விட்டுவிட்டேன். அதே வருசம் யூலை 9 இல் நவாலிக் கோயிலில் அடைக்கலம் தேடியிருந்த சனத்தின்மேல் குண்டு போட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரை நம்பிச் செபிப்பது?

1998 இல் ஜேர்மனிக்கு வந்தேன். ஹைம் வாழ்க்கை. கையில் இருந்தது 'டுல்டுங்'. அது விசா இல்லை. உன்னைத் திருப்பி அனுப்புவதைக் கொஞ்சநாள் தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்லும் ஒரு கடதாசி, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருக்கா அதை நீட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் முதல்நாள் இரவு நித்திரை வராது.

2001 இல் அம்மா செத்துப்போனா. ஏ9 பாதை பூட்டியிருந்த காலம். கொழும்பிலிருந்து மாமாதான் ரெலிபோனில் சொன்னார். நாட்டை விட்டு வெளியே போனால் அந்தக் கடதாசி செல்லாது. நான் போகவில்லை.

அன்று கோப்பை கழுவுகிற வேலைக்கும் போகவில்லை. ஏழு மணிக்கு ஹைம் குசினியில் இருந்து, யோசிக்காமலே செபத்தைத் தொடங்கினேன். பாதியில் வார்த்தை மறந்துபோச்சு. ஆறு வருசம் சொல்லாத வாய். அப்போது அடுப்படியில் நின்ற கொங்கோப் பெடியன் என் பக்கத்தில் வந்து முழங்காலில் நின்று, நான் விட்ட இடத்திலிருந்து பிரெஞ்சில் சொன்னான். மொழி விளங்காவிட்டாலும் என்ன செபம் என்று தெரியும்தானே. பத்து மணியும் அவன் பாதி, நான் பாதியாகச் சொல்லி முடித்தோம். அம்மாவுக்கு நான் செய்த செத்தவீடு அதுதான்.

ஒவ்வொரு ஓகஸ்ட்டும் கெவெலாருக்குப் போகிறேன். தமிழ்ச்சனம் ஆயிரக்கணக்கில் வரும், சைவச்சனமும் வரும். எல்லோரும் வரிசையில் நின்று பார்ப்பது உள்ளங்கை அளவான ஒரு கடதாசிப் படத்தை. 1642 இல், ஐரோப்பாவில் முப்பதாண்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அங்கே வைத்தது. எங்கள் மடு மாதாவின் சுருபமும் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடியவர்கள் கொண்டுவந்ததுதான். 2008 ஏப்ரலில் அது திரும்பவும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. மாதாவே எங்களோடு அகதியானா.

நவாலியைப் பற்றிய கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. நம்பினால் ஒன்றும் நடக்காது என்று சொன்னால் அது பொய். எல்லாம் நடக்கும். நடந்தது. வீடு போனது, ஊர் போனது, அம்மா போனா, இப்போது கோயிலும் போகிறது. ஆனால் நான் தனியே நின்று அழவேண்டி வந்த இடங்களிலெல்லாம் ஒருவர் பக்கத்தில் முழங்காலில் நின்றிருக்கிறார். எனக்கு நிரந்தர விசா என்றால் அது ஒன்றுதான்.

அந்தக் கிழவியிடம் இவ்வளவும் சொல்ல என் ஜேர்மன் காணாது. "ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், செபமாலை சொல்லுவோம்" என்றுமட்டும் சொன்னேன்.

வந்தார்.